சாத்தம் துறையும் காட்டு டிராமும்

அந்தமானின் தலைநகரில், ஹேடோ கரையிலிருந்து ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் சாத்தம் தீவு. சுற்றி வர அதிக நேரம் ஆகாது. ஆனால் போர்ட் பிளேயரின் கதை இரண்டு முறை இங்கிருந்துதான் தொடங்கியது. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றத்தை அமைத்தது இங்கேதான். சில ஆண்டுகளில் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, 1796-இல் நோய்க்கும் சாவுக்கும் பயந்து கைவிடப்பட்டது. பிறகு 1858 மார்ச் 10 அன்று, டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். குடிநீர் போதவில்லை என்று ஆட்சிபீடம் ராஸ் தீவுக்குப் போனது. சாத்தத்துக்கு மிஞ்சியது துறைமுகமும், 1883-இல் வனத்துறையோடு வந்த மர அறுவை மில்லும். ஊரார் இன்றும் ‘சாத்தம்’ என்றால் பெரும்பாலும் மில்லைத்தான் சொல்கிறார்கள்.

அந்தமானில் ஆறு என்று பெயர் சொல்லும்படி இருப்பது வட அந்தமானின் கல்பாங் ஒன்றுதான். மற்றதெல்லாம் உப்பங்கழி. ஊர்வழக்கில் க்ரீக், சிறியதானால் நாலா. இருபுறமும் அலையாத்திக் காடு அடர்ந்த, முதலை உலவும் இந்தக் கழிகள்தான் ஆற்றின் வேலையைச் செய்தன. காட்டுக்குள் வெட்டிய மரத்தை யானை இழுத்து வந்து டிராம் தடத்தின் ஓரத்தில் சேர்க்கும். அங்கிருந்து தள்ளுவண்டியில் கழிக்கரை. கழியில் மரங்களைத் தெப்பமாகக் கட்டி, ஏற்றவற்றம் பார்த்துக் கடலுக்கு இறக்கி, படகால் சாத்தத்துக்கு இழுத்து வருவார்கள். பச்சையாக இருக்கும்போது கனமான மரம் தனியே மிதக்காது, மூழ்கிப்போகும். அதனால் தூப், பப்பிதா போன்ற லேசான மரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். தீக்குச்சிக்குப் போன அந்த லேசான மரங்கள், வழியில் படாக் போன்ற கனமான மரங்களைச் சுமந்தும் வந்தன.

‘ரயில்’ என்று யாராவது நினைவுகூர்ந்தால் இந்த டிராமைத்தான் குறிக்கிறார்கள். பயணிகள் ரயில் அந்தமானில் ஒருநாளும் ஓடியதில்லை. காட்டு டிராமின் குணமே வேறு. மெல்லிய தண்டவாளம், மரக்கட்டைகளின் மேல் படுக்கவைத்த பாதை. ஒரு பகுதியில் வெட்டு முடிந்ததும் தண்டவாளத்தைப் பிரித்து அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நிலையம் இல்லை, கால அட்டவணை இல்லை. கைவிடப்பட்ட ரயில் பாதையைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். பாதையே இடம் மாறிக்கொண்டிருந்தால் பின்னால் என்ன மிஞ்சும்? கட்டைகளைக் கறையான் தின்றது, மேட்டைக் காடு மூடியது.

மரம் வெட்டி இழுக்கும் இந்த வேலையை முதலில் செய்தவர்கள் கைதிகள். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து வந்த ‘ராஞ்சி’த் தொழிலாளர்களும், 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தருக்கு அருகே வெபியில் குடியேறிய கரேன் மக்களும் காட்டு வேலையில் சேர்ந்தார்கள்.

காட்டிலிருந்து மரம் வந்த அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைச் சாத்தத்தில் இன்றும் பார்க்கலாம். கடலில் கிடக்கும் மரத்தைச் சங்கிலி போட்டுக் கரையேற்றுகிறார்கள். மில்லுக்குள் பதித்த தண்டவாளத்தில் தள்ளுவண்டி அதை வாளின் வாய்க்குக் கொண்டுபோகிறது. படாக் அறுக்கும்போது பறக்கும் தூள் செம்மண் நிறம். மில் வளாகத்திலேயே வன அருங்காட்சியகமும், 1942-இல் ஜப்பானியர் போட்ட குண்டு தோண்டிய பள்ளமும் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் பள்ளத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தள்ளுவண்டித் தடத்தை யாரும் கவனிப்பதில்லை.

துறையின் நினைவு மரத்தோடு முடிவதில்லை. ‘மகாராஜா’ என்ற கப்பல் பெயர் தீவில் இரண்டு காலத்துக்குச் சொந்தம்: கைதிகளை ஏற்றி வந்த காலம், 1949-இல் கிழக்கு வங்காள அகதிகள் வந்து இறங்கிய காலம். தமிழ்க் குடும்பங்களின் கதைகளில் வருபவை சென்னைக் கப்பல்கள். ஹர்ஷவர்தனா, அக்பர், நான்கௌரி, ஸ்வராஜ் தீப் என்று பெயர்களே ஒரு வரலாறு. ஏறத்தாழ மூன்று நாள் பயணம், பங்க் வகுப்பில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கை, மூட்டையில் ஊர்ச் சாமான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலர் போர்ட் பிளேயரையும் தாண்டி, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டம் வரை போனார்கள்.

டிராமை ஒழித்தது லாரி. சாலை நீள நீள மரம் கழிக்குப் போகவில்லை, சாலைக்குப் போனது. 1962-இல் வட அந்தமானில் ஒரு தனியார் மர நிறுவனம் தொழிலை விட்டபோது சுமார் 40 யானைகளை இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டது. அவற்றின் வழித்தோன்றல்கள் அங்கே காட்டு யானைகளாகத் திரிகின்றன. பிறகு பாம்பூ ஃபிளாட், பகுல்தலா, லாங் ஐலண்ட் ஆகிய ஊர்களின் ஒட்டுப்பலகை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்தி, உள்ளூர்த் தேவைக்கு மட்டும் அனுமதித்தது. காட்டுக்கு அது நல்ல தீர்ப்பு, மில்லின் இரைச்சல் குறைந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது, வட அந்தமான் உயர்ந்தது. ஒரு பக்கத்துத் துறைகளில் நீர் கூடியது, மறுபக்கம் குறைந்தது.

சாத்தம் துறை ஓயவில்லை. பாம்பூ ஃபிளாட்டுக்குப் போகும் ஃபெர்ரியில் பைக்கும் ஜீப்பும் காய்கறிக் கூடையும் ஒன்றாக ஏறுகின்றன. சாலையில் வளைகுடாவைச் சுற்றிப் போகும் தூரத்தை அது சில நிமிடமாகச் சுருக்கிவிடுகிறது.

2017-இல் போர்ட் பிளேயரிலிருந்து டிக்லிப்பூர் வரை 240 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு இந்திய ரயில்வே இசைவு தெரிவித்தது. மதிப்பீடு சுமார் 2,413 கோடி ரூபாய். வேலை தொடங்கவில்லை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரில் ரயில் இல்லை, ஆனால் ரயில் முன்பதிவு கவுண்டர் உண்டு. சென்னையில் கப்பலிறங்கி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போக வேண்டியவர்கள் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள்.