கருங்காலி: பெயர் ஒன்று, மரம் பல

பழைய வீடுகளின் விறாந்தையிலே கன்னங்கரிய கதிரையொன்றைக் காட்டி, "இது கருங்காலி" எனப் பெரியோர் பெருமையுடன் கூறக் கேட்டிருப்போம். ஆயின் எந்தக் கருங்காலி? இப்பெயருக்குள் பல மரங்கள் அடங்கியுள்ளன.

இலங்கையின் வரண்ட வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி, பனிச்சை மரத்தின் இனத்தது. அதன் வெளிறு மங்கிய வெண்ணிறமுடையது. நடுவிலுள்ள வைரமே கருமையானது. அவ்வைரம் நீரிலிட்டால் அமிழும். ஈரவலயத்துக் கலமந்தரும் இதன் உறவே; கபிலமும் கருமையும் கலந்த கோடுகளால் அழகுபெற்ற அம்மரம் இன்று மிக அரிதாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலே காலித் தச்சர்கள் இவ்விரண்டையும் இழைத்துச் செய்த மேசைகளும் பெட்டிகளும் பெரும் புகழ்பெற்றவை.

தமிழ்நாட்டிலோ வேல மரத்தின் உறவான, செங்கருமை வைரமுடைய வேறொரு மரத்தையும் கருங்காலி என்பர். காசுக்கட்டி கிடைப்பது அவ்வினத்திலிருந்தே.

ஆங்கிலேயர் 'எபனி' என்பவற்றையும் நாம் கருங்காலி என்றே வழங்குகிறோம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு மரம் கபிலக் கோடுடையது, அலுமாரிகளுக்கு அழகூட்டுவது. மத்திய ஆபிரிக்க மரம் கடுங்கருமையானது. வயலினில் விரல் பதியும் பலகை அதனாலாயது. கிளாரினெற் குழல் செய்யும் கிழக்காபிரிக்க மரமோ இவற்றுக்கு உறவே அன்று. அது அவரைக் குடும்பத்தது.

இலங்கைக் கருங்காலியைச் செதுக்குவது எளிதன்று. உளி விரைவில் மழுங்கும். அவசரமாக உலர்த்தினால் மரம் வெடிக்கும். துளையிடாது ஆணியறைந்தால் பிளக்கும். பொறுமையுடன் தேய்ப்பவனுக்கோ கண்ணாடிபோற் பளபளக்கும்.

கருஞ்சாயம் பூசிய மலிவு மரங்களும் கருங்காலி என விலைபோவதுண்டு. வாங்குமுன் கையிலெடுத்துப் பாரத்தை நோக்குக. அடிப்புறத்தைச் சற்றே சுரண்டி, உள்ளும் கருமைதானா எனக் காண்க.

இம்மரம் வைரம் பாய்ந்து முதிரப் பல தலைமுறைகள் செல்லும். இன்று நம் காட்டிலே இதனை வெட்டுவது சட்டத்துக்கு மாறானது. எனவே, பாட்டனார் விட்டுச்சென்ற கருங்காலிக் கதிரை ஆடுகிறதென்று விறகுக்குப் போடாதீர்கள். நல்ல தச்சரிடம் கொடுத்துப் பொருத்துவியுங்கள். பேரப்பிள்ளைகளும் அதில் அமர்வார்கள்.