பம்ப் அடித்தால் பாலில் இறங்குமா?

மூலனூர்ப் பக்கம் பிள்ளை பெற்றவள் தட்டில் முருங்கைக்கீரையும் பூண்டும் தவறாது. பால் ஊற வேண்டுமே. முருங்கைக்குப் பேர்போன ஊர் என்பதால் கீரைக்குக் குறைவில்லை. அதே வீட்டில் தாய்க்கு வீசிங் இருந்தால், இன்ஹேலர் மட்டும் அலமாரிக்குள் போய்விடும். "பம்ப் அடிச்சா பால்ல இறங்கிரும் அம்முணி, மாத்திரையே போட்டுக்க" என்பார்கள் பெரியவர்கள்.

கணக்குப் பார்த்தால் விஷயம் தலைகீழ். இழுப்பு வந்ததும் அடிக்கும் நீல இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் 4,000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை, நாற்பது அழுத்தம்! மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலைச் சேர வேண்டும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ரத்தத்தில் ஏறுவதே சொற்பம், பாலுக்குப் போவது அதிலும் சொற்பம்.

தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துதான் அதிகம் பயமுறுத்துகிறது. 'ஸ்டீராய்டு' என்ற பெயர் அப்படி. பியூடெசொனைடு எடுத்த தாய்மாரின் பாலை அளந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. குழந்தைக்குப் போவது தாயின் அளவில் சுமார் 0.3 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். அதையும் குழந்தை விழுங்கத்தான் செய்கிறது. விழுங்கிய பியூடெசொனைடில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். பால் கொடுக்கும் நேரம் பார்த்து மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை.

கொஞ்சம் கவனிக்க வேண்டியது தியோஃபிலின் வகை மாத்திரையை. அது காபியில் இருக்கும் காஃபீனின் உறவுக்காரன். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் உடம்பு அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். குழந்தை தூங்காமல் சிணுங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதும் சரியல்ல. உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் இதைச் சொல்கிறது. குழாயின் வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு; நீலம் அந்த நேரத்துக்கு விரித்துவிடும், அவ்வளவே.

அடிக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ஸ்பேசர் குழாய் இருந்தால் இன்னும் சுலபம். ஸ்டீராய்டுக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளை படரலாம். கேப்சூலைக் கருவியில் போட்டு உறிஞ்சும் வகையும் உண்டு; அந்தக் கேப்சூலை விழுங்கக் கூடாது.

மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடிந்து மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ திரும்பினால் பஞ்சுத் தூசு காத்திருக்கும். வார லீவு முடிந்து போகும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகினால், அது பஞ்சுத் தூசு தரும் வேறொரு நோயாகவும் இருக்கலாம். டாக்டரிடம் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு வில்லன் உண்டு: குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலை காயப் போடும் சாம்பிராணி. தாய்க்கு இழுப்பைக் கிளப்பவும், பிஞ்சு நுரையீரலை உறுத்தவும் அந்தப் புகை போதும். தலையைத் துண்டால் துவட்டினாலே ஈரம் காயும். பம்ப் அடித்தும் மூச்சு அடங்காமல், ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை நீல இன்ஹேலரைத் தொடர்ந்து அடிக்கலாம்.