சூரிய பம்பு: எத்தனை குதிரைத்திறன் வாங்கலாம்?

தமிழ்நாட்டில் 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனா இணைப்பே கிடைக்காம டீசல் இன்ஜின் ஓட்டுறவருக்கு அதனால் என்ன லாபம்? அவர்கள் சூரிய பம்பை விசாரிப்பதில் வியப்பில்லை.

2019இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் பம்பு விலையில் 30 விழுக்காடு மத்திய அரசும், 30 விழுக்காடு மாநில அரசும் தருகின்றன. மீதி 40 நம்ம பங்கு. அதில் 30 வரை வங்கிக் கடனாகப் பெற விதியில் இடமுண்டு. கடன் கிடைத்தால் கையிலிருந்து 10தான். விண்ணப்பம் வேளாண் பொறியியல் துறையில். ஆதிதிராவிடர், பழங்குடி சிறு, குறு உழவர்களுக்குக் கூடுதல் மானியம் உண்டு, கேட்டு வாங்குங்க.

கவனம் வேண்டியது குதிரைத்திறனில். ஒரு குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் தகடு தேவை. திறன் ஏறினா விலை ஏறும், கடனும் ஏறும். படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போட்டவர் 5 குதிரைத்திறன் கேட்பார். மூடாக்கு போட்டு, சொட்டுநீரில் காய்கறியும் உளுந்தும் எடுப்பவருக்கு, கிணறு ரொம்ப ஆழமில்லைன்னா 3 போதும். கம்பெனிக்காரர் சொல்ற அளவை அப்படியே எடுத்துக்காதீங்க. கோடையில் எத்தனை அடியில் தண்ணி நிக்குது, இறைச்ச பிறகு ஊற எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு முதலில் அளந்து பாருங்க. டீசல்னா செலவுக்குப் பயந்தாவது நிறுத்துவோம். வெயிலுக்கு பில் கிடையாது, கிணறுதான் காலியாகும்.

கடன் வாங்கும்போதே தவணை பற்றிப் பேசிடுங்க. மாசா மாசம் கட்டுவது கரும்புக்காரருக்கு ஒத்துவராது, அறுவடைக்குப் பிந்தைய தவணையாக் கேளுங்க.