அத்தான் போட்ட பூட்டு!

பூட்டிக்கொண்ட பழைய லேப்டாப்பை என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பழசுதானே ஸார்... தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க!" சொல்கிறவருக்கு என்ன, பணம் நம்முடையது. உள்ளே இருப்பதும் நம்முடையதுதான்!

குருவிகுளத்தில் என் அக்கா வீட்டில் அப்படி ஒன்று. மூத்தவள் பிளஸ் டூ படித்தபோது, 2014-ல் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். (2011 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளன்று, ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் எங்க வீட்டில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை!) அவள் கல்யாணமாகிப் போனதும் அத்தான் எடுத்துக்கொண்டார். பருத்திக் கணக்கு, மிளகாய்க் கணக்கு, உரக்கடைப் பாக்கி எல்லாம் அதில்தான். தெருப் பிள்ளைகள் கேம் விளையாட வருகிறார்கள் என்று பாஸ்வேர்டும் போட்டார். போன ஆவணியில் திடீரென்று காலமாகிவிட்டார். பாஸ்வேர்டையும் கூடவே கொண்டு போய்விட்டார்.

"ஏ தம்பி, யாருக்கு என்ன குடுக்கணும், யாருகிட்ட என்ன வாங்கணும்னு எனக்கு ஒண்ணுமே தெரியாதுய்யா. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு" என்றாள் அக்கா. சின்னவளுக்கோ காலேஜுக்கு லேப்டாப் வேணும். "மாமா, அதை நம்பினா எனக்கு டிகிரி முடிஞ்சிரும்!"

கோவில்பட்டியில் ஒரு கடைக்காரர், ஸ்விட்ச் போட்டதுமே கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்பதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "போர்டே போச்சு அண்ணாச்சி. புதுசு எடுங்க. இதை எண்ணூறு ரூபாய்க்கு நானே வச்சுக்கிறேன்."

எண்ணூறு ரூபாய்க்கு அத்தானின் பத்து வருஷக் கணக்கு! நல்ல வியாபாரம்தான்.

கொஞ்சம் பூட்டு சாஸ்திரம் பார்ப்போம். எல்லாப் பூட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் வந்து, பெயரைக் காட்டி, பாஸ்வேர்டு கேட்டால் அது திண்ணைப் பூட்டு. விவரமான மெக்கானிக் ஃபைல்கள் அழியாமலே திறந்துவிடுவார். விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்டால் அது 'பயாஸ்' பூட்டு, வாசல் கதவு. ரொம்பப் பழைய மிஷின்களில் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே திறந்துகொள்ளும். பிறகு வந்த பலவற்றில் பாஸ்வேர்டு ஒரு சில்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. சில்லைத் திருத்தி எழுத வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

ஆனால் வாசல் பூட்டியிருந்தால் பீரோவும் பூட்டியிருக்கிறது என்று அர்த்தமில்லையே! ஹார்ட் டிஸ்க் தனி. கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பெரும்பாலும் பேசும். பேசாத பூட்டு இரண்டு. டிஸ்க்குக்கே போட்ட பாஸ்வேர்டு ஒன்று. இன்னொன்று புது விண்டோஸ் மிஷின்களில் வரும் 'பிட்லாக்கர்'. அதைத் திறக்க 48 இலக்கச் சாவி வேணும். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் பதிவாகியிருக்கும். அதுவும் இல்லையென்றால் பிரம்மாவே வந்தாலும் முடியாது. உங்கள் வீட்டில் புது லேப்டாப் இருந்தால் இன்றைக்கே அந்த 48 எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு பையன், நாலு ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தான். ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தன் லேப்டாப்பில் சொருகினான். மூத்தவள் கல்யாண போட்டோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். 'கணக்கு' என்றே பெயர் வைத்த ஒரு ஃபைல். கடைசிப் பக்கத்தில், 'உரக்கடை - குடுக்க வேண்டியது 12,400.' துக்கத்துக்கு வந்திருந்த உரக்கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாளே அக்கா கொண்டு போய்க் கொடுத்தாள். வரவேண்டியதும் இருந்தது, மூன்று பேரிடம். அதில் ஒருவர் இப்போது எங்களைக் கண்டால் வேறு தெருவில் போகிறார்!

சரி, மிஷினை ரிப்பேர் செய்வதா? சில்லுக் கூலி, புது பேட்டரி, கீபோர்டு என்று பையன் கூட்டிச் சொன்னதில் ஐயாயிரத்தைத் தாண்டியது. அவ்வளவும் போட்டாலும் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டோ 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. லினக்ஸ் போட்டு ஓட்டலாம்தான். வீட்டில் கணக்கெழுத மட்டும் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். காலேஜ் பிள்ளைக்கு, அதுவும் பேட்டரி பத்து நிமிஷம் நிற்காத மிஷினை? மனசு வரவில்லை.

ஆபீஸ்களில் ஓடிக் கழித்த ஒரு செகண்ட்ஹேண்ட் வாங்கினோம். அதில்தான் அடுத்த கண்டம்! சில கம்பெனி லேப்டாப்புகளில் கம்பெனிப் பூட்டு அப்படியே இருக்கும். விண்டோஸைப் புதிதாக ஏற்றி நெட்டில் இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனி பெயரைக் காட்டி, 'உள்ளே வர அந்த ஆபீஸ் பாஸ்வேர்டைக் கொடு' என்னும். அதனால் பணம் கொடுக்கும் முன்பே கடையில் வைத்து ரீஸெட் செய்யச் சொன்னோம். பயாஸுக்குள்ளும் ஒருமுறை போய்வந்தோம். கடைக்காரர் முகம் சுளித்தார். சின்னவள் நகரவேயில்லை. முதலில் எடுத்துக் காட்டிய மிஷின் பூட்டோடுதான் இருந்தது. இரண்டாவதைத்தான் வாங்கினோம்.

டிஸ்க் இல்லாத பழைய கூட்டை, பேட்டரிக்கும் திரைக்குமாக அந்தச் சங்கரன்கோவில் பையனே அறுநூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டான். டிஸ்க் அக்காவின் பீரோவில், பாங்க் பாஸ்புக் பக்கத்தில் இருக்கிறது. பீரோ சாவி எங்கே என்று சின்னவளுக்கும் காட்டியிருக்கிறாள்.