மனநோய், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான சட்ட உதவி: புவனகிரி பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

18 வயது நிறைவடைந்த ஒருவர் சட்டத்தின் பார்வையில் தமக்காகத் தாமே முடிவெடுக்கும் உரிமை பெற்றவராகிறார். அறிவுசார் குறைபாடு உள்ள மகனுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். அதுவரை பிள்ளைக்காகக் கையொப்பமிட்டு வந்த பெற்றோரின் அதிகாரம் அந்நாளோடு முடிவடைகிறது. பல குடும்பங்கள் இதை மிகவும் தாமதமாகவே அறிந்துகொள்கின்றன. தந்தை இறந்த பின்னர் வங்கியிலோ, பாகப்பிரிவினையின்போது பத்திரப்பதிவு அலுவலகத்திலோ பாதுகாவலர் சான்று கேட்கப்படும்போதுதான் அப்படி ஒரு சான்று உண்டு என்பதே தெரியவருகிறது. பெற்றோர் இருவரும் நலமாக இருக்கும்போதே இதனைப் பெற்றுவிடுவது நல்லது.

எந்தக் குறைபாட்டுக்கு எந்தச் சட்டம்?

மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல. மனச்சிதைவு, தீவிர மனச்சோர்வு, இருமுனை மனநிலைக் கோளாறு போன்றவை மனநோய்கள். இவற்றுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பொருந்தும். அறிவு வளர்ச்சி முழுமை பெறாத நிலையை மனநோய் என்னும் சொல் குறிக்காது என்று அச்சட்டமே தெளிவுபடுத்துகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. இரு பிரிவினருக்கும் பொதுவானது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இந்த வேறுபாடு தெரியாமல் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். எனவே, மருத்துவச் சான்றில் என்ன குறைபாடு எனக் குறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பாருங்கள்.

சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம்

மேற்கூறிய நான்கு குறைபாடுகளுள் ஒன்று உள்ள, 18 வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழுவுக்கு இந்த அதிகாரம் உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இக்குழுவின் மற்ற உறுப்பினர்கள். பெற்றோரோ உறவினரோ மனு அளிக்கலாம். புவனகிரி வட்டத்தைச் சேர்ந்தவர்கள் கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி இதற்கான நடைமுறையைக் கேட்டறியலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாதுகாவலராக இருக்கச் சம்மதிப்பவரின் ஆவணங்கள் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

குழு இரண்டு கேள்விகளைப் பரிசீலிக்கும். இவருக்குப் பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா? தேவையெனில் எந்தெந்தக் கடமைகளுக்காக? லேசான குறைபாடு உள்ள பலர் சிறிது உதவி கிடைத்தால் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். அத்தகையோருக்கு முழு நேரப் பாதுகாவலர் தேவைப்படாமல் போகலாம்.

நியமிக்கப்படுபவர் சொத்துக்கு உரிமையாளர் ஆவதில்லை. இதைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருப்பது அவசியம். பொறுப்பேற்ற ஆறு மாதங்களுக்குள் சொத்து விவரப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அவர் ஒப்படைக்க வேண்டும். பராமரிப்பில் இருப்பவரைப் புறக்கணித்தாலோ, துன்புறுத்தினாலோ, சொத்தை முறைகேடாகப் பயன்படுத்தினாலோ, அவரை நீக்கக் கோரி உறவினர் எவரும் குழுவிடம் மனு அளிக்கலாம்.

அரசு ஊழியர்களின் குடும்பத்தினருக்கு ஒரு குறிப்பு: குறைபாட்டின் காரணமாகப் பொருளீட்ட இயலாத மகனோ மகளோ வயது வரம்பின்றிக் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகள் இடமளிக்கின்றன. ஊழியர் பணியில் இருக்கும்போதே அப்பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் அலுவலகப் பதிவுகளில் சேர்த்துவிட வேண்டும்.

மனநோய் உள்ளவரின் உரிமைகள்

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இன்றைய சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. வீட்டிலோ காப்பகத்திலோ ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதாகவோ புறக்கணிக்கப்படுவதாகவோ தெரியவந்தால், காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் அதனை நடுவரின் கவனத்துக்குக் கொண்டு செல்லக் கடமைப்பட்டவர்.

ஆதரவின்றித் தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல் துறையினர் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்து வைக்க இச்சட்டம் அனுமதிப்பதில்லை.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார் என்ற ஒரே காரணத்தால் எவரும் சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார். அதனைத் தகுதி வாய்ந்த நீதிமன்றமே அறிவிக்க முடியும். ஆகவே, மருந்துச் சீட்டைக் காட்டி ஒருவரது பங்கை உடன்பிறந்தோர் எழுதி வாங்கிக்கொள்வது செல்லாது என வாதிட அவருக்கு வலுவான அடிப்படை உண்டு. நோய் கட்டுக்குள் இருக்கும் காலத்திலேயே, பின்னர் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இந்தப் பிரதிநிதியின் பணி சிகிச்சை தொடர்பானது மட்டுமே. வங்கிக் கணக்கையோ நிலத்தையோ கையாள அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் நியமனம் கோர வேண்டும். இந்த ஏற்பாட்டில் பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். இந்த வழி சற்றுச் சிக்கலானது என்பதால் வழக்கறிஞரின் துணையோடு தொடங்குங்கள்.

இலவச வழக்கறிஞர்

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது. "எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறதே, கிடைக்குமா?" என்ற தயக்கம் தேவையில்லை. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு ஆகியவற்றை ஆணைக்குழு ஏற்கும். மனநல மருத்துவமனையில் உள்ளவருக்கு இவ்வுரிமையை எடுத்துரைப்பது அங்குள்ள பொறுப்பு மருத்துவரின் கடமை என 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

புவனகிரி பகுதியினர் சிதம்பரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ, கடலூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுத இயலாதவர் நேரில் கூறினால் அங்குள்ளோர் பதிவு செய்துகொள்வர். நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். சட்டப் பிரச்சினையோடு மனநல ஆலோசனையும் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரடிச் சிகிச்சைக்கு அண்ணாமலை நகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மருத்துவமனை தரும் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பவை அவையாகவே இருக்கும்.