ஒரே வாட்டுக்குள் எத்தனை சங்கம்?

2024 பெப்ரவரி முதலாந் திகதி இலங்கை முழுக்க 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. டொக்டர்மாரின் கொடுப்பனவு ஒன்று 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆகியிருந்தது. எங்களுக்கும் கூட்டித் தா என்பதுதான் மற்றவர்களின் கோரிக்கை. டொக்டர்மார் வேலைக்கு வந்தார்கள். மருந்து கொடுக்கவும் இரத்தம் சோதிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் ஆட்களில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள்.

வன்னி ஆஸ்பத்திரியொன்றில் சிற்றூழியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கோரிக்கை நியாயமானது. அந்த 72 என்ற எண்ணிக்கைதான் என்னை உறுத்துகிறது.

1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அதனால் பதவிக்கொரு சங்கம் முளைத்தது. இதுதான் தொழில்வாரிச் சங்கம். இதற்கும் பலமுண்டு: டொக்டர் வேலையை விட்டால் அந்தக் கதிரையில் வேறொருவரை இருத்த முடியாது. ஆனால் ட்ரொலி தள்ளும் என்னை நாளைக்கே மாற்றலாம். ஆள் கிடைக்காத வேலைக்காரர் தனியே பேசி வெல்வார். ஆள் மலிந்த வேலைக்காரர் பின்னுக்கு நிற்பார்.

துறைவாரிச் சங்கம் வேறு மாதிரி. ஒரு துறையில் வேலை செய்யும் எல்லாரும், என்ன வேலை என்றாலும், ஒரே சங்கம். அமெரிக்காவில் ஜோன் எல். லூயிஸ் முதலானோர் அதே 1935இல் இதற்காகத் தனியே அணி திரண்டார்கள். அடுத்த ஆண்டு கடைசியில் பிளின்ட் நகரத்துக் கார்த் தொழிலாளர் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44ஆம் நாள் ஜெனரல் மோட்டர்ஸ் அவர்களுடைய சங்கத்தை ஏற்றுக்கொண்டது. தேர்ந்த கைகாரரும் தரை கூட்டுபவரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. எங்கள் குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மஸ்கெலியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தது. அதற்கு முன் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலை அரைக்கிற ஸ்டோர் ஆள், அம்மா மூவருக்கும் சம்பளத்திலேயே ஒரே சங்கத்துக்குச் சந்தா பிடிப்பார்கள். கட்சிக்கொரு சங்கம் இருந்தது உண்மைதான், என்றாலும் வேலைக்கொரு சங்கம் இருக்கவில்லை. கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் மட்டும் தோட்ட சேவையாளர் சங்கத்தில். மலையில் வேலைநிறுத்தம் என்றால் அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். அந்த இடைவெளியைப் பற்றி அம்மா கடைசிவரை பேசினார்.

இப்போது ஆஸ்பத்திரிகளில் கூட்டித் துடைக்கும் வேலையைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். பச்சைச் சீருடையோடு வாட்டுக்குள் மொப் அடிக்கிற எங்கள் பிள்ளைகள் அந்தக் குத்தகையில் வருகிறவர்கள். அரச சம்பளப் பட்டியலில் இல்லாததால் எங்கள் சிற்றூழியர் சங்கமும் அவர்களைச் சேர்ப்பதில்லை. நோயாளியின் வாந்தியைத் துடைப்பவர் சுகாதாரத் துறையில் இல்லையென்றால் வேறு யார் இருக்கிறார்? அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிட வேண்டும். சங்க யாப்பு இடங்கொடாவிட்டால் யாப்பைத்தான் திருத்த வேண்டும்.