சுவர் இடிச்ச ரப்பிஷை அள்ள எந்த வண்டி? புக் பண்ணும் முன் இதைப் பாருங்க!

வீட்டில் ஒரு சுவரை இடித்தால், "ஒரு குட்டி யானை போதும்" என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் வண்டியை முடிவு செய்வது குவியல் இல்லை, அதன் எடை!

செங்கல் சுவர்: 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 இன்ச் கனம் என்றால் 75 கன அடி. இடித்ததும் இடைவெளி விழுந்து சுமார் 100 கன அடி, அதாவது 1 யூனிட் ஆகிடும். எடை ஏறக்குறைய 4 டன். குட்டி யானை தாங்குவது சுமார் முக்கால் டன்தான். அப்போ 5, 6 நடை ஆகும். 2 யூனிட் டிப்பருக்கு இது ஒரே நடை. தெருவுக்குள் டிப்பர் நுழையுமா என்பதை முதலில் பாருங்க.

தரை டைல்ஸ்: 10-க்கு 10 அறையில் அடிக் கலவையோடு 2 இன்ச் பெயர்த்தால் சுமார் 1 டன். பார்க்க கொஞ்சமாத்தான் இருக்கும். ஆனால் குட்டி யானைக்கு 2 நடை.

மரம், ஃபால்ஸ் சீலிங்: எடை குறைவு, இடம்தான் அடைக்கும். குட்டி யானையே போதும். கதவு, ஜன்னல், கம்பியைத் தனியாக எடுத்து வைத்தால் பழைய சாமான் கடையில் காசாகும்.

"ஒரே நடையில ஏத்திடலாம்" என்று சொன்னால் ஒத்துக்காதீங்க. ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

கடைசியாக, எங்கே கொட்டப் போறாங்க என்று கட்டாயம் கேளுங்க. ஏரிக்கரையில் கொட்டினால் அடுத்த மழையில் தண்ணீர் நம்ம தெருவுக்குத்தான் வரும். சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 எண்ணில் விசாரிக்கலாம்.